இரண்டு அடி விளக்கு என்ன எடை வரும்?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குக் கடை. பின்கட்டில் பட்டறை, முன்கட்டில் விற்பனை. கார்த்திகை நெருங்கிவிட்டால் கடைப் போன் ஓய்வதில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது கேட்பார்கள்: "இரண்டு அடி விளக்கு என்ன எடை வரும்?" கடைக்காரர் விளக்கைத் தூக்கி எடைமேடையில் வைப்பார், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கால் மணி நேரத்தில் வேறொருவர் அழைப்பார். கேள்வி அதேதான். விளக்கு மறுபடி எடைமேடைக்கு வரும்.

அந்தக் கடைக்கு ஐந்து வருடமாக ஓர் இணையதளமும் இருந்தது. திறந்தால் பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' என்று இரண்டு பத்திகள் இருக்கும். தொடர்புக்கு ஒரு படிவம் உண்டு. அதில் எழுதினால் செய்தி யாருக்குப் போகிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. உயரம், எடை, விலை எதுவும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. "தம்பி, இதைப் பார்த்துவிட்டு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை" என்று சொல்லித்தான் என்னிடம் வந்தார். நாள் முழுவதும் போனில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தத் தளம் பதில் வைத்திருக்கவில்லை.

சிறு கடைகளுக்குத் தளம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான். தளத்தை ஒரு பெயர்ப்பலகையாக நினைத்துச் செய்கிறார்கள். பெயர்ப்பலகையை ஒருமுறை எழுதி மாட்டினால் போதும், பத்து வருடம் தாங்கும். இணையதளமோ கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போன்றது. வந்தவர் கேட்பதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதில் இன்றைக்கும் உண்மையாக இருக்க வேண்டும்.

போன் பக்கத்தில் ஒரு நோட்டு

தளத்தின் வடிவம், நிறம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போன் அருகில் வைத்து, ஒரு மாதம் யார் என்ன கேட்டாலும் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி வையுங்கள் என்றேன். மாத முடிவில் நோட்டைப் பிரித்தபோது தளத்தின் முக்கால் பகுதி அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

எடை என்ன, கனமான வார்ப்பா, உள்ளே கூடா? கழற்றி மாட்டலாமா, எத்தனை பாகம்? ஐந்து முகமா? உச்சியில் அன்னம் வேண்டாம், வேறு வடிவம் கிடைக்குமா? ஜோடியாகத்தான் தருவீர்களா, ஒன்றும் தருவீர்களா? பார்சலில் நசுங்காமல் வருமா? சீர்வரிசைக்கு வேண்டும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? கறுத்துப்போனால் எதைப் போட்டுத் தேய்ப்பது? நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் பற்றி அந்த மாதம் கேட்டவர்கள் இரண்டே பேர். பழைய தளத்தின் முதல் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான் இருந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான், தளத்தில் ஓர் இடம் அதற்கு வேண்டும். ஆனால் சீர் கொடுக்க விளக்குத் தேடும் தாய்க்கு முதலில் வேண்டியது உயரமும் எடையும்.

புதிய தளத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பக்கம் வைத்தோம். உயரம் அடியிலும் அங்குலத்திலும், எடை கிலோவில், எத்தனை பாகமாகக் கழற்றலாம், மேலே பூச்சு உண்டா இல்லையா, எல்லாம் எழுத்தில் இருக்கும். வெள்ளைத் துணி விரித்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு அடி விளக்குக்கும் மூன்று அடி விளக்குக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் ஒரு சொம்பை வைத்துப் படம் எடுத்தோம். எல்லாப் படத்திலும் அதே சொம்பு. தளத்தில் நாங்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சொம்புதான். அதற்குப் பிறகு "படத்தில் பெரிதாகத் தெரிந்ததே" என்ற புகார் வரவில்லை.

விலையில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. பித்தளை எடைக்கு விற்கும் பொருள், விலை ஏறி இறங்கும். விலையே போடாமல் 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதுவது வழக்கம். அழைக்கத் தயங்கி அடுத்த கடைக்குப் போகிறவர்களை அந்த வழக்கம் நமக்குக் காட்டுவதே இல்லை. நாங்கள் கிலோ விலையை ஒரே ஓர் இடத்தில் வைத்து, எந்தத் தேதி நிலவரம் என்பதையும், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம். அந்த ஓர் எண்ணை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் விலை மாறும். கடைக்காரரின் மகள் போனிலிருந்தே மாற்றிவிடுகிறார். தளம் அமைப்பவரைத் தேடிப் பிடித்துத்தான் ஒரு விலையைத் திருத்த முடியும் என்றால், அந்த விலை திருத்தப்படவே போவதில்லை.

கூகுள் எதைப் படிக்கிறது

தேடுபொறி ஒரு பக்கத்தை எடுத்து வைப்பதற்கு முதலில் அதைப் படிக்க வேண்டும். அது நம்பிப் படிப்பது எழுத்தைத்தான். நம் ஊரில் விலைப்பட்டியல், முகவரி, திருவிழாத் தள்ளுபடி என எல்லாவற்றையும் அச்சகத்தில் கொடுத்து அழகான படமாக வாங்கி, அதை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும். அந்தப் படத்துக்குள் இருக்கும் சொற்களைத் தேடி வருகிறவருக்கு மட்டும் அந்தப் பக்கம் பெரும்பாலும் கிடைக்காது.

இதைவிடத் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் தட்டச்சு செய்தது பார்வைக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குவியல். துண்டறிக்கைக்காகத் தட்டச்சு செய்த வாசகத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் படிக்கவே முடியாமல் போகும். அந்த எழுத்துருவைத் தளத்திலேயே சேர்த்துப் படிக்க வைத்தாலும் 'குத்துவிளக்கு' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. எல்லாக் கணினியும் தமிழைத் தமிழாகவே படிக்க வைக்கும் பொதுக் குறியீட்டுமுறை யூனிகோடு; தமிழ்நாடு அரசே 2010-இல் அதை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பார்ப்பது நல்லது; ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

பிறகு, ஊர்ப் பெயர். நாச்சியார்கோவில் என்பார்கள், நாச்சியார்கோயில் என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கைந்து விதம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் ஏராளம். இதற்காக எல்லா வடிவங்களையும் பக்கத்தின் அடியில் குவித்து வைப்பது பழைய தந்திரம்; கூகுள் அதைக் குப்பையாகவே நடத்துகிறது. தமிழில் ஒரு பக்கம், அதன் ஆங்கில வடிவம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் மனிதர் படிக்கும்படி எழுதினால், தேடப்படும் சொற்கள் இயல்பாகவே இரண்டிலும் வந்துவிடும். பக்கத்தின் தலைப்பில் 'முகப்பு' என்று விட்டுவிடாமல், 'இரண்டு அடி பித்தளைக் குத்துவிளக்கு, நாச்சியார்கோவில்' என்று பொருளையும் ஊரையும் எழுதுங்கள். தேடல் முடிவில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தெரிவது அந்த வரிதான்.

நேரில் வருகிறவர்களுக்குத் தளத்தைவிடக் கூகுள் வரைபடத்தில் இருக்கும் கடைப் பதிவு முக்கியம். அந்த முடிவுகளை மூன்று அடிப்படைகளில் வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் ஓரளவு இருக்கின்றன. கடையின் பெயர், முகவரி, போன் எண் ஆகியவை தளத்திலும் வரைபடத்திலும் பில்லிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விடுமுறை நாளை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். 'திறந்திருக்கிறது' என்று பார்த்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வரமாட்டார். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று எழுதி ஒட்டியிருக்கும் கடைகளைப் பார்க்கிறேன். கூகுளின் விதிப்படி அது தடை செய்யப்பட்டது, கண்டுபிடித்தால் விமர்சனங்கள் நீக்கப்படும். குறை சொல்லி எழுதியவருக்குப் பொறுமையாக எழுதும் ஒரு பதில், படிக்கும் அடுத்தவரிடம் நட்சத்திரங்களைவிட அதிகம் பேசும்.

படத்தின் கனம்

கூகுள் ஒரு தளத்தை அதன் மொபைல் வடிவத்தை வைத்தே எடைபோடுகிறது. 2016-இல் அறிவித்த அந்த மாற்றத்தை 2023-இல் முடித்துவிட்டது. எனவே கணினித் திரையில் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று ஒப்புதல் கொடுப்பதில் பயனில்லை. சாதாரண விலைப் போனில், வைஃபையை அணைத்துவிட்டு, பஸ்ஸில் போகும்போது திறந்து பார்க்க வேண்டும்.

போனில் எடுத்த ஒரு படம் எளிதாக நான்கு எம்பி வரும். அப்படிப் பன்னிரண்டு விளக்குகள் ஒரு பக்கத்தில் இருந்தால் நாற்பத்தெட்டு எம்பி. எந்த வாடிக்கையாளரும் அது இறங்கும் வரை காத்திருக்கமாட்டார். பக்கத்தின் முதன்மையான படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தின் அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, கனம் குறைந்த பட வடிவில் சேமித்தால், நான்கு எம்பி இருந்தது பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். போன் திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நகரும் படங்களையும் எடுத்துவிட்டோம். அவற்றில் இரண்டாவது படம் வரும் வரை யாரும் நிற்பதில்லை.

பெயர் யார் கையில் இருக்கிறது

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்துவது கடினம்.

கூகுள் தன் கடைப் பதிவோடு சேர்த்து ஒரு சிறு இணையதளத்தையும் இலவசமாக அமைத்துக்கொள்ளும் வசதியைச் சில வருடங்கள் வைத்திருந்தது. வேறு தளமே இல்லாத பல சிறு கடைகளுக்கு அதுதான் தளம். 2024 மார்ச்சில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. அந்த முகவரியைத் தட்டியவர்களைச் சில மாதங்கள் கடைப் பதிவுக்குத் திருப்பிவிட்டார்கள், ஜூனில் அதுவும் நின்றது. பார்சல் அட்டையிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் என்ன செய்ய முடியும்? இதற்கு முன்னால் 2009-இல் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோதும் இதே கதைதான். இலவசமாகக் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளும்போது கேட்பதற்கு நமக்கு வழியில்லை. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கட்டாயம் இருங்கள், வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் அட்டையில் அச்சடிக்கும் முகவரி சொந்த டொமைன் பெயராக, அதாவது கடைக்கென்றே பதிவு செய்த இணைய முகவரியாக இருக்கட்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடியும் செலவு அது. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல், புதுப்பிக்கும் விலையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெயர் கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். விளக்குக் கடையின் பழைய தளத்தை அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். தீய எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு அது வசதி. பிறகு வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சல்களெல்லாம் அவர் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு கார்த்திகை மாதம், தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தளம் மறைந்தது.

டாட் காம் பெயர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. கெடு முடிந்த பிறகு பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க விடலாம். அதன்பின் மீட்பதற்கென்று 30 நாள். அதில் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அதோடு பெயர் சந்தைக்கு வந்துவிடும். பழக்கப்பட்ட பெயர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். எங்களுக்கு மீட்புக் காலத்தில் கிடைத்தது, அதுவும் அந்தப் பழைய நண்பரைச் சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடித்த பிறகு. அந்த வருடக் கார்த்திகை போனது போனதுதான். இப்போது டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்), கூகுள் கடைப் பதிவு ஆகிய மூன்றின் கணக்கும் கடவுச்சொல்லும் ஒரு தாளில் எழுதப்பட்டு, கடைப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே இருக்கிறது.

தெரியாதவரிடம் பணம் அனுப்புகிறவர்

கடைக்கு நேரில் வருகிறவர் விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பார். தளத்தில் வாங்குகிறவர் பொருளைத் தொடாமலே பணம் அனுப்புகிறார். அந்தத் தயக்கம் நியாயமானது, அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். யுபிஐ க்யூஆர் வைத்தால் மட்டும் போதாது. பணம் அனுப்பும்போது திரையில் என்ன பெயர் வரும் என்று தளத்தில் எழுதுங்கள். கடைப் பெயர் ஒன்றாகவும் திரையில் வருவது மருமகன் பெயராகவும் இருந்தால், ஜாக்கிரதையான வாடிக்கையாளர் அங்கேயே நின்றுவிடுவார். கார்டு வழியே வாங்குவதாக இருந்தால் பேமென்ட் கேட்வே எனப்படும் பணம் வாங்கித் தரும் சேவை மூலம் மட்டுமே வாங்குங்கள். கார்டு எண்களைக் கடைகள் சேமித்துவைப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரிலிருந்து அனுமதிப்பதில்லை.

சட்டமும் சிலவற்றைக் கேட்கிறது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் குறைதீர்க்கும் அலுவலரின் விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது, மாற்றிக் கொடுப்பது பற்றிய நிபந்தனைகளும் தெரிய வேண்டும். பார்சலில் அகல் நசுங்கினால் என்ன செய்வோம் என்று நான்கு வரி தமிழில் எழுதினோம்: பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், மூன்று நாளில் அனுப்புங்கள், மாற்றிக் கொடுக்கிறோம், கூரியர் செலவு எங்களுடையது. வேறொரு தளத்திலிருந்து நகலெடுத்த ஆங்கில நிபந்தனைகள் பழைய தளத்தில் ஆறு பக்கம் இருந்தன. அவற்றில் மென்பொருள் உரிமம் பற்றிக்கூட ஒரு பத்தி இருந்தது.

மாதம் ஒரு மணி நேரம்

பராமரிப்பு என்பது புதிதாக எதையாவது எழுதிக்கொண்டே இருப்பது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரும்பகுதி வேலை, இருப்பது இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். விலைத் தேதி, போன் எண், தீர்ந்துபோன உருப்படி, தொடர்புப் படிவம் வேலை செய்கிறதா என்று நாமே ஒரு செய்தி அனுப்பிப் பார்ப்பது.

கண்ணுக்குத் தெரியாத வேலை இரண்டு. முதலாவது, பூட்டுச் சான்றிதழ்; முகவரி https என்று தொடங்கவும், தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலை யாரும் படிக்க முடியாமல் பூட்டவும் உதவுவது. 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர் சான்றிதழ் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே குறிக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029-க்குள் அதிகபட்சம் 47 நாளாக்க முடிவாகியிருப்பதால், நினைவு வைத்துக் கையால் புதுப்பிப்பது இனி நடக்காது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஹோஸ்டிங்காகப் பார்த்து எடுங்கள். இரண்டாவது, மென்பொருள். வேர்ட்பிரஸ் போன்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த தளத்தையும் அதன் சேர்க்கைகளையும் (பிளக்இன்) புதுப்பிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். முன்பக்கம் அப்படியே இருக்கும். உள்ளே ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்கள் முளைத்திருக்கும். கூகுளில் கடைப் பெயரைத் தேடும்போதுதான் தெரியவரும். வாரம் ஒரு பேக்கப் (முழுத் தளத்தின் நகல்), அதுவும் அந்த சர்வருக்கு வெளியே, இருந்தால் ஒரே நாளில் மீளலாம்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கார்த்திகைக்கான பக்கத்தைக் கார்த்திகையில் ஏற்றினால் கூகுள் கண்டு எடுத்து முன்னுக்குக் கொண்டுவருவதற்குள் தீபம் முடிந்துவிடும். புரட்டாசியிலேயே ஏற்றிவிடுகிறோம், அதுவும் வருடா வருடம் அதே முகவரியில்.

மீதி நேரத்தில் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்க்கிறோம். என்ன சொல்லைத் தேடியபோது நம் தளம் கண்ணில் பட்டது என்பதை அது இலவசமாகக் காட்டும். போன் பக்கத்து நோட்டின் பெரிய வடிவம் அது. புதிய தளம் வந்த ஐந்தாம் மாதம், அந்தப் பட்டியலில் நாங்கள் எழுதியிராத ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. விளக்கு உச்சி அன்னம் தனியாக, விளக்கு மேல் பாகம் மட்டும், அன்னம் தொலைந்துவிட்டது. கடைக்காரரிடம் காட்டினேன். "வீடு மாற்றும்போது அன்னத்தைத்தான் தொலைப்பார்கள். பட்டறையில் வார்த்துக் கொடுக்கலாம், மரை மட்டும் பொருந்த வேண்டும்" என்றார்.

அதற்கென்று ஒரு பக்கம் எழுதினோம். தண்டின் வாயை மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் பள்ளி அளவுகோல் வைத்து இன்னொரு படம், மரை தேய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள் என்று மூன்றே வரி. முதலில் வந்த படம் திருச்சியிலிருந்து. பாட்டியின் விளக்கு என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரர் போனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, விரலால் படத்தைப் பெரிதாக்கி, அளவுகோலின் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பின்கட்டைப் பார்த்து, "அரை அங்குல மரை, பழைய வார்ப்பு" என்று குரல் கொடுத்தார்.